பிரைமர் வர மறுக்கும்போது: ரைபிள் பித்தளையை மொத்தமாகக் கழற்றுகிறவர்களுக்கு

ஐந்து கேலன் பக்கெட் நிறையச் சுட்டு முடித்த .223 அளவுத் தோட்டாக்களின் காலிப் பித்தளை உறைகளை வைத்துக்கொண்டு, "இதிலிருக்கும் பழைய பிரைமரையெல்லாம் கழற்ற எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் அதிகம். மெஷின் இருக்கட்டும், முதலில் அந்தப் பக்கெட்டை ஒரு பழைய பெட்ஷீட்டில் கொட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பிரைமர் கழற்றும்போது வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, பக்கெட்டுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்காததால் வருபவை. நானும் பார்க்காமல்தான் முதலில் ஒரு கருவி வாங்கினேன், அது சரியில்லை என்று இன்னொன்று வாங்கினேன். இரண்டும் நல்ல கருவிகள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் இதைக் கருவிப் பட்டியலாக எழுதவில்லை. என்ன தொல்லை கண்ணில் படுகிறது, அதற்குக் காரணம் என்ன, அதற்குப் பிறகு எதை வாங்கலாம் என்று போகிறேன்.

இது அமெரிக்காவில் வீட்டில் ரீலோடிங் செய்பவர்களுக்கானது. சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவைத் திரும்ப நிரப்பிக்கொள்ள இங்கே ஃபெடரல் உரிமம் எதுவும் கேட்பதில்லை. இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். சொந்த ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரேஞ்சுக்குத் தூக்கிப் போகும் பையை விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். தையல் மூலையில் ஒரே ஒரு காலி உறை ஒளிந்திருந்தாலும் சென்னை விமான நிலையத்தில் மணிக்கணக்கில் பதில் சொல்ல வேண்டிவரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தோட்டா உறையின் அடியில், நடுவில் பதிந்திருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்தான் பிரைமர். ரைபிளுக்கு இரண்டு அளவு: சின்னது 0.175 அங்குலம், பெரியது 0.210. .223-க்குச் சின்னது; .308-க்கும் .30-06-க்கும் வழக்கமாகப் பெரியது; 6.5 கிரீட்மோரில் இரண்டு விதமும் கிடைக்கும். பிரைமர் குழியிலிருந்து உறையின் வயிற்றுக்கு ஒரு துளை போகிறது. அதை பிளாஷ் ஹோல் என்பார்கள், சுமார் 0.080 அங்குலம், அதாவது 2 மில்லிமீட்டர். உறையின் வாய் வழியாக ஒரு எஃகு பின்னை இறக்கி, அந்தத் துளை வழியே பழைய பிரைமரைக் கீழே தள்ளுகிறோம். மொத்த வேலையும் இவ்வளவுதான்.

உறையைப் பழைய அளவுக்கு இறுக்கும் சைஸிங் டையிலேயே (பிரஸ் என்ற லீவர் கருவியில் மாட்டும் அச்சு) இந்த பின் இருக்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்கலாம். பத்து இருபது உறைக்கு அதுவே போதும். மொத்தமாகச் செய்யும்போது போதாது. ரேஞ்ச் தரையில் பொறுக்கிய பித்தளையில் மணல் ஒட்டியிருக்கும். அதைச் சைஸிங் டைக்குள் இறுக்கித் தள்ளினால் டையின் உள்சுவரில் கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறல் ஒவ்வொரு உறையிலும் கோடாகத் தெரியும். மேலும் சைஸ் செய்ய ஒவ்வொரு உறைக்கும் லூப் என்ற மசகு தடவ வேண்டும். யுனிவர்சல் டீகேப்பிங் டை என்று தனியாக விற்பது உறையின் சுவரைத் தொடாது. அழுக்கோடு, லூப் இல்லாமல், எந்த அளவு உறையையும் போடலாம். முதலில் கழற்று, பிறகு கழுவு, அதற்குப் பிறகு சைஸ் செய் என்ற வரிசைக்கு வந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி வாசலிலேயே நின்றுவிடும்.

பின் உடைகிறது, அல்லது வளைகிறது

எல்லோரும் முதலில் சந்திப்பது இதுதான். "டிக்" என்று ஒரு சின்ன சத்தம், கையில் திடீரென்று எதிர்ப்பே இல்லை, லீவர் கடைசிவரை போய்விடும். உறையை எடுத்துப் பார்த்தால் பிரைமர் அப்படியே உட்கார்ந்திருக்கும், பின்னின் பாதி உள்ளே கிடக்கும்.

உடனே கருவியைத் திட்ட வேண்டாம். அந்த உறையைத் தூக்கி வெளிச்சத்தில் வாய் வழியாக உள்ளே பாருங்கள். நடுவில் ஒரே துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை. நடுவில் ஒன்றுமில்லாமல் இரண்டு பக்கமும் சின்னத் துளைகள் இருந்தால் அது பெர்டான். பெர்டானில் பின் இறங்க நடுத்துளையே கிடையாது. நீங்கள் தள்ளியது கெட்டிப் பித்தளைச் சுவரை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்டான் என்பவர் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். இரண்டு பேர் வடிவமைப்பும் 1860-களில் வந்தவை. கடைசியில் ஆங்கிலேயருடையது அமெரிக்காவில் நின்றது, அமெரிக்கருடையது ஐரோப்பாப் பக்கம் குடியேறிவிட்டது. அதனால் வெளிநாட்டு ராணுவச் சரக்கு, பழைய சோவியத் பக்கத்துச் சரக்கு, இரும்பு உறை எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். காந்தம் ஒன்றைப் பக்கெட்டில் விட்டுத் துழாவினால் இரும்பு உறைகள் அப்பிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தைக் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். பெர்டான் உறையைக் கழற்ற முயலாதீர்கள். பழைய பித்தளைக் கடைக்குப் போகிற டப்பாவில் போடுங்கள்.

உறை பாக்ஸர்தான், ஆனாலும் உடைந்தது என்றால் அடுத்த சந்தேகம் உள்ளே கிடக்கும் பொருள். கூழாங்கல், காய்ந்த மண், உறையைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் டம்ப்ளரில் முன்பு போட்ட மக்காச்சோளச் சக்கைத் துகள், வால்நட் ஓட்டுத் தூள். ஈரப்பதம் பட்டால் இந்தத் தூள் உறையின் அடியில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். உறையைக் கவிழ்த்து மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான், பிரஸ்ஸில் உறையைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரில் வைப்பது என்று பழகிக்கொள்ளுங்கள். ஒரு நொடிதான் கூடுதல் ஆகும்.

மூன்றாவது, துளையே சின்னதாக இருப்பது. லாபுவாவின் சின்ன பிரைமர் 6.5 கிரீட்மோர், பால்மா .308, 6 மில்லிமீட்டர் பி.ஆர். போன்ற துல்லியச் சுடுதலுக்கான உறைகளில் பிளாஷ் ஹோல் 1.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான பின் அதில் சிக்கும். முரட்டுத்தனமாக அழுத்தினால் உடையும், அல்லது விலையுயர்ந்த உறையின் துளையை அகலமாக்கிவிடும். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். இதற்கு 0.057 அங்குலப் பின் தனியாக விற்கிறார்கள். வாங்கி, டையில் மாட்டி, அந்த உறைகளை மட்டும் தனியாக ஒருநாள் உட்கார்ந்து செய்யுங்கள். மற்றவற்றோடு கலக்காதீர்கள், மெல்லிய பின் ராணுவ உறையைத் தாங்காது.

நான்காவது, ஷெல் ஹோல்டரில் உறை ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது. பழைய பிரைமர் துகள் ஹோல்டரின் பள்ளத்தில் அடைந்துவிட்டால் உறை முழுவதும் உள்ளே போகாது; பின் துளைக்குப் பக்கத்தில் இடிக்கும். நூறு உறைக்கு ஒருமுறை பல் துலக்கும் பழைய பிரஷால் ஒரு தேய்ப்பு போதும். ஹோல்டர் எண்ணையும் சரிபாருங்கள்: ஆர்.சி.பி.எஸ். கம்பெனி எண்ணில் .223-க்கு 10, .308 குடும்பத்துக்கு 3, லீ கம்பெனியில் .223-க்கு 4, .308-க்கு 2. இந்த எண்கள் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. கடையில் அவசரத்தில் எடுத்து வந்து பிறகு விழிப்பவர்கள் உண்டு.

இந்த நான்கும் இல்லை, பக்கெட்டில் இருப்பது முழுக்க அமெரிக்க ராணுவ உறை, அதில்தான் பின் மாற்றி மாற்றி உடைகிறது என்றால் அப்போதுதான் கருவி மாற்றும் நேரம். மைட்டி ஆர்மரி போன்றவர்கள் தடித்த, கடினப்படுத்திய பின்னோடு கனமான டை செய்கிறார்கள். விலை அதிகம். கிரிம்ப் போட்ட (பிரைமரைச் சுற்றி விளிம்பை நசுக்கிய) உறை ஆயிரக்கணக்கில் இருப்பவருக்குத் தகும். வருஷத்துக்கு முந்நூறு உறை கழற்றுபவருக்கு வேண்டாம்.

பின் உடையவில்லை, மேலே ஏறிக்கொள்கிறது

ஒருநாள் நண்பர் ஒருவர் போன் செய்து, "அண்ணே, டை பழுது. பின் நிற்கவே மாட்டேங்குது, மேலே மேலே போகுது" என்றார். அவர் வைத்திருந்தது லீ யுனிவர்சல் டை. அது பழுதில்லை, அந்த டையின் வடிவமைப்பே அப்படித்தான். பின்னை காலெட் என்ற பிடிவளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். தாங்க முடியாத எதிர்ப்பு வந்தால் பின் உடைவதற்குப் பதில் நழுவி மேலே ஏறும். வீட்டில் ஃபியூஸ் போவது மாதிரி. இரண்டு ஸ்பேனர் போட்டு மேல் நட்டை நன்றாக இறுக்க வேண்டும். கையால் திருகிவிட்டுப் போதும் என்று விட்டால் பத்து உறைக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே இருக்கும். இறுக்கும் இடத்தில் எண்ணெய் இருந்தாலும் நழுவும், துடைத்துவிட்டு இறுக்குங்கள். நண்பரிடம் ஸ்பேனர் இருந்தது, ஒன்றே ஒன்று. இன்னொன்று வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

நட்டை முரட்டுத்தனமாக இறுக்கிய பிறகும் குறிப்பிட்ட சில உறைகளில் மட்டும் நழுவினால், அந்த உறையில்தான் ஏதோ இருக்கிறது. மேலே சொன்ன நான்கு காரணத்தையும் திரும்பப் பாருங்கள். முதல் டை வாங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். மலிவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, இது பித்தளையைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கும்.

பிரைமர் வெளியே வந்து, திரும்ப உள்ளே ஏறிக்கொள்கிறது

இது எரிச்சலான தொல்லை. லீவரை இறக்கும்போது பிரைமர் வெளியே வருகிறது, கண்ணால் பார்க்கிறோம். ஆனால் கிண்ணத்தின் உட்புறம் பின் நுனியில் ஒட்டிக்கொண்டு, பின் மேலே போகும்போது கூடவே போய்க் குழியில் பாதி உட்கார்ந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் ஒற்றை பிரஸ்ஸில் இதைக் கவனித்துவிடலாம். பல வேலை அடுத்தடுத்து நடக்கும் புரோகிரஸிவ் பிரஸ்ஸிலோ அடுத்த நிலையத்தில் புது பிரைமர் போய் மோதும். அங்கே மோதல் வேண்டவே வேண்டாம்.

முதலில் பின் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பிரைமரைக் குழியிலிருந்து முழுக்கத் தள்ளிவிட, பின் நுனி உறையின் அடியைத் தாண்டி நன்றாக வெளியே தெரிய வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் அளவு என்று நான் வைத்திருக்கிறேன். அது சரியாக இருந்தும் ஒட்டுகிறது என்றால் நுனியைப் பாருங்கள். தட்டையாக, ஓரம் மழுங்கிப் பரந்துபோன நுனி கிண்ணத்தில் ஆப்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். உப்புத்தாளில் லேசாக உருட்டித் தேய்த்து நுனியை உருண்டையாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரமான உறையில் இது அதிகம் நடக்கும்; காயவிட்டுக் கழற்றுங்கள்.

வாங்கித் தீர்க்க விரும்பினால் ஸ்பிரிங் வைத்த டை இருக்கிறது. எஃப்.டபிள்யூ. ஆர்ம்ஸ் செய்வது அந்த வகை. கீழே போனதும் பின் சுண்டிவிட்டது போல் ஒரு துள்ளு துள்ளி, ஒட்டிய பிரைமரை உதறிவிடும். புரோகிரஸிவ் பிரஸ்ஸில், அதிலும் மோட்டார் மாட்டி ஓட்டுபவர்களுக்கு, இது ஆடம்பரம் இல்லை. ஒற்றை பிரஸ்காரருக்கு உப்புத்தாள் போதும்.

பிரைமரில் ஓட்டை விழுகிறது, வளையம் குழியிலேயே நிற்கிறது

இதைத் தவறவிடாதீர்கள். பின் கிண்ணத்தின் அடியைக் குத்திக்கொண்டு போய்விடும். கிண்ணத்தின் சுவர் மட்டும் மெல்லிய வளையமாகக் குழியில் ஒட்டியிருக்கும். பார்ப்பதற்குக் குழி காலி மாதிரியே தெரியும். என் கையில் முதலில் அகப்பட்டதை நான் காலி என்று நினைத்துத்தான் கழுவப் போட்டேன். கழுவி எடுத்த பிறகு வெயிலில் பிடித்தபோது குழிக்குள் ஒரு நிழல் கோடு, சுவருக்கு இன்னொரு சுவர். நகத்தால் தொட்டால் படி மாதிரி தட்டியது.

காரணம் இரண்டு. ஒன்று, உறை மழையிலும் சேற்றிலும் வெகுநாள் கிடந்து, பிரைமருக்கும் குழிக்கும் நடுவே பச்சைக் களிம்பு பிடித்திருப்பது. இரண்டு, பலமான கிரிம்ப். களிம்பு பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள், அதோடு போராடுவது வீண். கிரிம்ப் உறையில் இப்படி நடந்தால் பின் நுனி கூராகிவிட்டதா என்று பாருங்கள். கூர் நுனி தள்ளாது, குத்தும். மேலே உருண்டையாக்கச் சொன்னேன், ஊசியாக்கச் சொல்லவில்லை. வளையம் நின்ற உறையிலிருந்து அதைத் தோண்டி எடுக்கச் சிலர் திருகாணியெல்லாம் போடுகிறார்கள். ஒரு உறைக்காக அத்தனை நேரம் எனக்குக் கட்டுப்படியாகாது.

பழைய பிரைமர் வந்துவிட்டது, புதியது உட்காரவில்லை

கழற்றும் கருவி வாங்கப் போகிறவர்கள் மறக்கும் விஷயம் இது. ராணுவத் தோட்டாவில், தானியங்கித் துப்பாக்கியில் பிரைமர் பின்னால் நழுவிவிடாதபடி, குழியின் விளிம்பை உள்பக்கம் நசுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் கிரிம்ப். சிலதில் முழு வட்டமாக இருக்கும், சிலதில் மூன்று இடத்தில் உளி வைத்துத் தட்டியது போல் இருக்கும். பழைய பிரைமரைப் பலத்தால் வெளியே தள்ளிவிடலாம். நசுங்கிய விளிம்பு அங்கேயே இருக்கும். புதிய பிரைமர் அதில் இடித்து நசுங்கும்.

உறையின் அடியில் பொறித்திருக்கும் ஹெட்ஸ்டாம்பைப் படிக்கப் பழகுங்கள். எல்.சி. என்றால் மிசௌரி மாநிலம் இண்டிபென்டன்ஸில் இருக்கும் லேக் சிட்டி ராணுவத் தோட்டாத் தொழிற்சாலை. பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம் ஆண்டு. வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் நேட்டோ முத்திரை. கிரிம்ப் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எம்1 கேரண்ட் என்ற பழைய ராணுவ ரைபிளில் .30-06 சுடுபவர்களிடம் எச்.எக்ஸ்.பி. என்ற கிரேக்க ராணுவ உறை நிறைய இருக்கும். சி.எம்.பி. என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சி அமைப்பு மூலமாக ஏராளமாக விற்றது அது. பாக்ஸர்தான், நல்ல பித்தளைதான், ஆனால் கிரிம்ப் உண்டு. எஃப்.ஏ. என்று பழைய உறை கிடைத்தால் அது பிலடெல்பியாவில் 1977 வரை இருந்த அரசாங்க ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனல். இன்று அதே பெயரில் கருவி விற்கும் கம்பெனிக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை.

கிரிம்பை எடுக்க இரண்டு வழி. ரீமர் என்பது விளிம்பைச் செதுக்கி எடுப்பது. மலிவு, நூறு உறைக்குச் சரி. கை கொஞ்சம் அசந்தால் குழி அகன்றுவிடும். ஸ்வேஜ் என்பது செதுக்காமல், ஒரு கடினமான மொட்டைக் குழிக்குள் அழுத்தி விளிம்பை வெளிப்பக்கம் ஒதுக்குவது. மொத்த வேலைக்கு இதுதான். டில்லனின் சூப்பர் ஸ்வேஜ் 600 மேசையில் மாட்டி வைப்பது. உறையின் உள்ளே ஒரு தண்டு தாங்கிக்கொள்ள, லீவர் மொட்டை உள்ளே தள்ளும். ஒரு விஷயம் கவனம்: ஒவ்வொரு கம்பெனி உறைக்கும் உள் அடித்தளத்தின் கனம் வேறு. எல்.சி.க்குத் தண்டை அளந்து வைத்துவிட்டு வேறு உறையைப் போட்டால் சிலதில் மொட்டு முழுதும் இறங்காது, சிலதில் வரம்பு மீறும். அதனால்தான் ஆரம்பத்திலேயே பெட்ஷீட்டில் கொட்டிப் பிரிக்கச் சொன்னேன். பட்ஜெட் போடும்போது கழற்றும் கருவிக்கு மட்டும் முழுப் பணத்தையும் வைத்துவிடாதீர்கள். ராணுவ உறை அதிகம் உள்ளவருக்கு ஸ்வேஜ் கருவிதான் பெரிய செலவு. கழற்றுவது சின்னச் செலவு.

பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் விழுகிறது

வேலை சுலபமாகப் போகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். நல்ல உறையில் ஒரு சின்ன முறுக்கு, அப்புறம் விடுபடுகிற உணர்வு கையில் தெரியும். பின் தொட்டதும் பிரைமர் பொத்தென்று விழுந்தால் அந்தக் குழி தளர்ந்துவிட்டது: பலமுறை நிரப்பியது, அல்லது அதிக அழுத்தத்தில் சுட்டது. புதிய பிரைமர் அதில் நிற்காது. அந்த உறையை உடனே தனி டப்பாவில் போடுங்கள். இந்த உணர்வுக்காகத்தான் மோட்டார் வைத்த பிரஸ்ஸுக்கு அவசரப்பட வேண்டாம் என்கிறேன். மோட்டாருக்குத் தளர்ந்த குழியும் இறுகிய குழியும் ஒன்றுதான். கையில் உறை இருக்கும்போதே அடியிலிருந்து சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா என்றும் ஒரு பார்வை. தெரிந்தால், பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவுங்கள். பள்ளம் தட்டினால் அடுத்த தடவை அந்த உறை இரண்டாகப் பிரியும்.

பின் வாய்க்குள்ளேயே போகவில்லை

உறையின் வாய் நசுங்கியிருக்கிறது. தானியங்கி ரைபிளிலிருந்து தெறித்து விழுந்ததில் சகஜம். நீண்ட மூக்குப் பிளையரின் ஒரு காலை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தால் போதும்.

பிரைமர் தரையெல்லாம் கிடக்கிறது, பிரஸ் கரகரக்கிறது

ஆயிரம் உறை கழற்றினால் ஆயிரம் பிரைமர் எங்கேயோ போக வேண்டும். பழைய மாதிரி பிரஸ்களில் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டு மாட்டியிருக்கும். பாதி அதில் விழும், மீதி செருப்புக்கடியில். அதைவிட மோசம், கரித்தூள் பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் ராம் தண்டில் படிந்து உப்புத்தாள் மாதிரி தேய்ப்பது. கரகரச் சத்தம் அதுதான். துடைத்து, துளி எண்ணெய் விட்டால் அப்போதைக்குச் சரியாகும்.

கருவி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, பழைய பிரைமர் எந்த வழியாக எங்கே போகிறது என்பதைத்தான். விளம்பரப் படத்தில் தெரியாத இடம் அது. லீ கிளாசிக் காஸ்ட் பிரஸ்ஸில் ராம் உள்ளே குழாய். பிரைமர் அதற்குள்ளேயே இறங்கிக் கீழே மாட்டிய டியூப் வழியாகப் பாட்டிலுக்குப் போய்விடும். ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸும் டியூப் வழியாகச் சின்னக் கோப்பையில் சேர்ப்பது. தரையில் ஒன்றுகூட விழாது, விலைதான் கொஞ்சம் கடிக்கும். ஏற்கெனவே நல்ல பழைய பிரஸ் வைத்திருப்பவர்கள் அதைத் தேய்த்து வீணாக்க வேண்டாம். கழற்றுவதற்கென்று மலிவாக ஒரு பிரஸ் தனியாக வைத்துக்கொண்டு, நல்லதைச் சைஸிங்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் அம்மிக்கு ஒரு கல், மாவுக்கு ஒரு கல் வைத்திருப்பதில்லையா.

சுத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கருவியைவிட முக்கியம். வழக்கமான பிரைமரில் லெட் ஸ்டைஃப்னேட் என்ற ஈயக் கலவை இருக்கிறது. சுட்ட பிறகு மிஞ்சும் கரியில் ஈயம் உண்டு. கழற்றும்போது பறக்கும் மெல்லிய தூள் அதுதான். நைட்ரைல் கையுறை போடுங்கள். அந்த இடத்தில் காபி, முறுக்கு எதுவும் வேண்டாம். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனர் தூளை அள்ளிக் காற்றில் விடும், அதுவும் வேண்டாம். சமையலறை மேசையில் இந்த வேலை கூடாது என்று என் மனைவி முதல் நாளே சொன்னார். அப்போது சத்தத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கராஜ் செருப்பு வீட்டுக்குள் வரக்கூடாது. மாதம் ஆயிரக்கணக்கில் கழற்றுபவர் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது. சாதாரண ரத்தப் பரிசோதனைதான், டாக்டரிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார்.

கழுவியும் குழி கறுப்பாக இருக்கிறது

பிரைமரோடு கழுவியிருப்பீர்கள். ஸ்டெயின்லெஸ் ஊசி போட்டுத் தண்ணீரில் சுழற்றும் டம்ப்ளர் வைத்திருந்தால் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். குழியும் சேர்ந்து பளபளக்கும். பிரைமரோடு போட்டால் குழிக்குள் தண்ணீர் தங்கி, மறுவாரம் களிம்பு. கழுவிய பிறகு பிளாஷ் ஹோலில் ஊசி சிக்கி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சோளச் சக்கையில் உலர்வாகச் சுற்றுபவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். கழற்றிய பிறகு சுற்றினால் துகள் பிளாஷ் ஹோலில் அடைக்கும்.

தோள் வலிக்கிறது, பக்கெட் குறையவில்லை

இப்போதுதான் மெஷின் கேள்விக்கு வருகிறோம். உறைக்கு எட்டு நொடி என்றால் மணிக்கு 450. நாலு நொடி என்றால் 900. ஒற்றை பிரஸ்ஸில், உறையை எடுத்து, பார்த்து, தட்டி, வைத்து, இறக்கி, எடுத்துப் போட எட்டு நொடிக்குக் குறைவாக எனக்கு வந்ததில்லை. தடகளப் போட்டி மாதிரி செய்தால் வரும், இருபது நிமிடத்தில் கை விட்டுப்போகும்.

ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனலின் கையடக்கக் கருவி, ஹார்வி டீபிரைமர் போன்ற பிடிக் கருவிகள் பிரஸ் இல்லாமல் சோபாவில் உட்கார்ந்து செய்ய வசதி. ஐம்பது நூறு உறைக்கு அருமை. கிரிம்ப் போட்ட .308-ஐ ஐந்நூறு அழுத்தினால் மறுநாள் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. நீளமான லீவர் உள்ள பிரஸ்தான் அதற்கு.

மாதத்துக்கு ஐந்நூறுக்குக் கீழே என்றால் ஒற்றை பிரஸ், யுனிவர்சல் டை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆயிரம் இரண்டாயிரம் என்றால் லீயின் ஏ.பி.பி. பிரஸ்ஸைப் பாருங்கள். இந்த மாதிரி வேலைக்கென்றே வந்தது. உறைகள் குழாயில் வரிசையாக இறங்கும், லீவரை அசைத்தால் ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கழன்று வெளியே விழும். நீங்கள் தொட வேண்டியது லீவரை மட்டும். அதனாலேயே பெர்டானும் கூழாங்கல்லும் உள்ளே போனால் தெரியாது. குழாயில் நிரப்பும்போது பார்க்கவில்லை என்றால் அப்புறம் பார்க்க வாய்ப்பில்லை. சில உறைகளில் தள்ளும் சட்டம் இடித்து நிற்கும். சட்டத்தின் தூரத்தைத் திருகில் அரைச்சுற்று அரைச்சுற்றாக மாற்றிப் பாருங்கள், ஒரேயடியாகத் திருகாதீர்கள்.

டில்லன் மாதிரி புரோகிரஸிவ் பிரஸ் ஏற்கெனவே இருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். டைகளை மாட்டும் தட்டான டூல்ஹெட்டில் ஒன்றைத் தனியாக எடுத்து, டீகேப்பிங் டையை மட்டும் மாட்டி, அழுக்குப் பித்தளைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு பிரஸ்ஸை முழுக்கத் துடைக்காமல் தோட்டா நிரப்ப உட்காராதீர்கள்.

பாட்டிலில் குழி விழாத பிரைமர் ஒன்று கிடக்கிறது

சுட்ட பிரைமரில் ஃபயரிங் பின் தட்டிய பள்ளம் இருக்கும். பளபளவென்று சமதளமாக ஒன்று கண்ணில் பட்டால், சுடாத பிரைமரை நீங்கள் பின்னைக் கொண்டு குத்தித் தள்ளியிருக்கிறீர்கள். அது அந்த இடத்திலேயே வெடித்திருக்கலாம். கீழே டியூப் நிறைய, பாட்டில் நிறைய வேறு சுடாதவை இருந்தால் அது ஒன்றோடு நிற்காது. பள்ளம் இருந்தும் வெடிக்காமல் போனதும் உண்டு, அதனால் பள்ளத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. கழற்றும் வேலை முழுவதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

உறையைத் தட்டிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் அடிப்பாகத்தையும் பாருங்கள். பிரைமர் சுடாமல் இருந்தால் அதைப் பிரஸ்ஸில் வைக்காதீர்கள். மருந்தும் குண்டும் இல்லாத வெற்று உறை என்று உறுதியானால், ரேஞ்சில் அதே அளவு துப்பாக்கியில் போட்டுக் குறி பக்கம் பார்த்து ஒருமுறை சுட்டுவிடுங்கள்; பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், பிறகு மற்றவற்றோடு கழற்றலாம். பாட்டிலில் ஏற்கெனவே விழுந்துவிட்டதை இடுக்கியால் நோண்ட வேண்டாம், நசுக்க வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். பாட்டிலை மூடாமல் தனியாக வைத்துவிட்டு, உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கோ ரேஞ்ச் அலுவலகத்துக்கோ போன் செய்து எங்கே கொடுக்கலாம் என்று கேளுங்கள். அன்றைக்கு வேலை போதும்.